முகத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள்

வழக்குகளை விசாரிக்கும் காவல் அதிகாரிகளுக்கும், பயிற்சிப் பள்ளிகளில் அவர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கத்தில் ஒரு வரி அடிக்கடி வருகிறது. “சந்தேகப்படும்படி நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தார்.” அதற்கடுத்த வரியும் வாசகர்களுக்கு மனப்பாடம்: “தொடர்ந்து நடந்த கிடுக்கிப்பிடி விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.” இந்த வரிகள் உங்கள் நிலையங்களிலிருந்துதான் செய்தியாளர்களுக்குப் போகின்றன. முதல் வரியில் இருக்கும் சந்தேகம் எதனால் வந்தது என்று உங்களைக் கேட்டால், நேர்மையாக நீங்கள் சொல்லும் பதில் பல நேரங்களில் இப்படித்தான் இருக்கும்: “முழி சரியில்லை.” “கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான்.” “வீட்டில் சாவு விழுந்திருக்கு, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.”

இந்த மடல் அந்தப் பதிலைப் பற்றியது. உங்கள் உழைப்பையோ நோக்கத்தையோ குறை சொல்ல இது எழுதப்படவில்லை. தூக்கமில்லாத பந்தோபஸ்துக்கு நடுவே, ஆள் பற்றாக்குறைக்கு நடுவே, மேலதிகாரியின் தொலைபேசிக்கும் ஊரின் கோபத்துக்கும் நடுவே நீங்கள் வழக்குகளைத் துப்புத்துலக்குகிறீர்கள். அந்த அவசரத்தில் கையில் உடனே கிடைப்பது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம்தான். அதனால்தான் அதைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

1980 ஆகஸ்ட் 17 இரவு நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், உலுரு என்னும் பெரும்பாறைக்கு அருகே சேம்பர்லின் குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. ஒன்பது வாரக் குழந்தை அசாரியா கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். டிங்கோ என்னும் காட்டுநாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகத் தாய் லிண்டி கதறினார். அந்த மண்ணின் பழங்குடிகளான அனங்கு மக்களில் தடம் பார்ப்பதில் தேர்ந்தவர்கள், மணலில் டிங்கோவின் காலடிகளையும், அது எதையோ சுமந்து சென்று ஓரிடத்தில் கீழே வைத்த பதிவையும் கண்டு சொன்னார்கள். மரண விசாரணை நடத்திய முதல் அதிகாரியும் 1981 பிப்ரவரியில் பெற்றோர் மேல் குற்றமில்லை என்றே முடிவு சொன்னார்.

ஆனால் நாடு மணலை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் லிண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கேமராவின் முன் உடைந்து அழவில்லை. நடந்ததை நிதானமான குரலில் விளக்கினார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா இருப்பாள் என்று ஊர் பேசியது. நீதிமன்றத்துக்கு எந்த நாளில் எந்த உடை உடுத்தி வந்தார் என்பதுகூடச் செய்தியானது. வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. அவர்களுடைய காருக்குள் சிசுவின் ரத்தம் இருந்ததாக ஓர் ஆய்வக நிபுணர் சொன்னார். குழந்தை மேலே ஒரு சின்னக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், அதனால்தான் உள்ளுடையில் டிங்கோவின் எச்சில் இல்லை என்று லிண்டி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சட்டை கிடைக்கவில்லை. ஆகவே அதுவும் பொய்க்கணக்கில் சேர்ந்தது. 1982 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் காவலில் இருந்தபடியே பெற்றெடுத்த மகளையும் அவரிடமிருந்து பிரித்தார்கள்.

1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடப் போனவர்கள், டிங்கோக்களின் வளைகள் உள்ள பகுதியில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு துணியைக் கண்டார்கள். அது அசாரியாவின் கம்பளிச் சட்டை. லிண்டி விடுதலையானார். காரில் இருந்த ‘ரத்தம்’, தொழிற்சாலையில் சத்தத்தைக் குறைக்க அடித்த ரசாயனப் பூச்சு என்று பின்னர் தெரிந்தது. 1988-ல் தண்டனை ரத்தானது. குழந்தையைக் கொண்டுபோனது டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி ஒருவர் அதிகாரபூர்வமாகச் சொன்னது 2012 ஜூனில். மணலைப் படித்தவர்கள் முதல் இரவிலேயே சொன்னது ஏட்டில் ஏற 32 ஆண்டுகள் ஆயின.

லிண்டி போதிய அளவு அழவில்லை. அமெரிக்காவில் ஒரு சிறுவன் அளவுக்கு மீறி அழுதான்.

நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் என்ற ஊரில் 1989 நவம்பரில் 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். அவளுடன் படித்த ஜெஃப்ரி டெஸ்கோவிக் என்ற 16 வயதுப் பையன் அவளுடைய இறுதிச் சடங்கில் தேம்பித் தேம்பி அழுதான். நெருங்கிய பழக்கம் இல்லாத பெண்ணுக்காக ஏன் இவ்வளவு அழுகிறான் என்று போலீசாருக்குச் சந்தேகம் வந்தது. பல வாரங்கள் அவனைச் சுற்றிவந்தார்கள். கடைசியில் ஒருநாள் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்து மணிக்கணக்கில் விசாரித்தார்கள். முடிவில் அவன் மேசைக்கு அடியில் சுருண்டு படுத்து அழுதபடி குற்றத்தை ‘ஒப்புக்கொண்டான்’. உடலில் எடுத்த மாதிரியின் டி.என்.ஏ. அவனுடையது அல்ல என்று நீதிமன்ற விசாரணைக்கு முன்பே தெரிந்திருந்தும் அவன் சிறைக்குப் போனான். 2006-ல் அதே மாதிரியை மறுபடி ஒப்பிட்டபோது, வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்த ஒருவருடன் அது பொருந்தியது. அந்த வேறு கொலை நடந்தது 1993-ல். பையனின் அழுகையை நம்பிக் கோப்பை மூடியதால் வெளியில் திரிந்த உண்மைக் குற்றவாளி, ஒரு பள்ளி ஆசிரியையைக் கொன்றிருந்தார்.

இந்தக் கணக்கை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். முகத்தைப் பார்த்து எடுத்த தவறான முடிவுக்கு இரண்டு விலை. ஒன்று, நிரபராதியின் வாழ்க்கை. மற்றது, தேடப்படாமலே போன குற்றவாளியின் அடுத்த பலி.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2008 மே மாதம் நொய்டாவில் ஆருஷி தல்வார் என்ற சிறுமி கொல்லப்பட்ட பிறகு, அவளுடைய தாய் தொலைக்காட்சியில் கண்ணீர் விடாமல் பேசியது நாடெங்கும் விவாதமானது. 2013-ல் பெற்றோர் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தாய் ஏன் அழவில்லை என்று அத்தனை ஆண்டுகள் கேட்டவர்கள், துக்கம் சிலரை உறையவைக்கும் என்பதைத் தங்கள் வீட்டுச் சாவிலேயே பார்த்திருப்பார்கள். நம் ஊரில் ஒரு சாவு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒருவர் மாரில் அடித்துக்கொண்டு அழுவார். ஒருவர் பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் பணம் எண்ணிக்கொடுப்பார். இன்னொருவர் திண்ணையில் உட்கார்ந்து வெறித்துப் பார்ப்பார். மூவரும் இறந்தவரின் பிள்ளைகள்தான்.

“இருபது வருஷ சர்வீஸ். ஆளைப் பார்த்தாலே சொல்லிவிடுவோம்” என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த நம்பிக்கை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டபோது மிக அதிகமாக வந்த பதில், “கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்” என்பதே. இதற்கு மாறாக, பெல்லா டிபாலோவும் சக ஆய்வாளர்களும் 158 வகை அடையாளங்களை எடுத்து அலசி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பார்வையைத் தவிர்ப்பதற்கும் பொய்க்கும் சொல்லும்படியான தொடர்பே தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் சார்ல்ஸ் பாண்டும் சேர்ந்து, 24,000-க்கும் அதிகமானவர்கள் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்தார்கள். பொய்யையும் மெய்யையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தது நூற்றுக்கு 54 தடவை. காசைச் சுண்டிவிட்டால் 50.

பயிற்சி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சால் காசின், கிறிஸ்டினா ஃபாங் ஆகிய உளவியலாளர்கள் 1999-ல் மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, அமெரிக்கப் போலீசார் படிக்கும் ‘உடல்மொழி’ப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு இரு பிரிவினருக்கும் விசாரணைக் காட்சிகளைக் காட்டி, யார் பொய் சொல்கிறார் என்று கேட்டார்கள். பாடம் படித்தவர்கள்தான் அதிகம் தவறினார்கள். தங்கள் முடிவு சரி என்று அதிக உறுதியோடு சொன்னவர்களும் அவர்களே. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்து ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்க 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவிட்டார்கள். அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2013-ல் அதை ஆராய்ந்து, இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது.

அனுபவம் ஏன் இதில் கைகொடுப்பதில்லை? ஒரு மருத்துவர் நோயைத் தவறாகக் கணித்தால், நோயாளி குணமாகாமல் திரும்பி வருவார். மருத்துவர் பாடம் கற்பார். உங்களிடம் அப்படித் திரும்பி வருவது யார்? நீங்கள் நம்பி அனுப்பிய பொய்யர் வந்து “ஏமாற்றிவிட்டேன்” என்று சொல்லப்போவதில்லை. தவறாகச் சந்தேகித்த நிரபராதியோ, இரவு முழுக்க நடந்த விசாரணையில் உடைந்து ஒப்புக்கொண்டிருந்தால், “அப்போதே சொன்னேன் அல்லவா” என்று உங்கள் கணிப்புக்கே அது பலம் சேர்த்துவிடும். தப்பு தப்பென்று தெரியவராத இடத்தில் இருபது வருஷத்தில் வளர்வது தன்னம்பிக்கை மட்டும்தான்.

நிரபராதிகளும் தங்களை அறியாமல் உங்களை இந்தப் பிழைக்குள் இழுக்கிறார்கள். மனதில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும் என்று அவர்களும் நம்புகிறார்கள். “நான்தான் செய்யலையே, எனக்கென்ன பயம்” என்று வக்கீல் இல்லாமலே வந்து உட்காருகிறார்கள். காசின் 2004-ல் நடத்திய சோதனை ஒன்றில், பேசாமல் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து விசாரணைக்குச் சம்மதித்தவர்கள், குற்றமற்றவர்களில் 81 சதவீதம். குற்றம் செய்தவர்களில் 36 சதவீதம். அதாவது குற்றவாளியைவிட நிரபராதிதான் உங்கள் எதிரில் தடையில்லாமல் வந்து உட்கார வாய்ப்பு அதிகம். அவருக்கு நாக்கு உலர்வது, கை நடுங்குவது, நேற்று சொன்ன நேரம் இன்று பத்து நிமிடம் மாறுவது எல்லாம் நடக்கும். காக்கிச் சட்டைக்கு முன் நடுங்காதவர் எத்தனை பேர்? நினைவும் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் விடும். எழுதிவைத்துப் படித்ததுபோல ஒரே மாதிரி சொல்வது, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவருக்குத்தான் எளிது.

இன்னொரு வேதனையையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பிறப்பை வைத்தே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த குற்றப் பழங்குடிச் சட்டத்தை ஆங்கிலேயர்கள் 1871-ல் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு அடங்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சுதந்திர இந்தியா 1952-ல் அந்தச் சட்டத்தை நீக்கியது. ஆனாலும் எங்காவது நகை காணாமல் போனால் இன்றும் முதலில் கதவு தட்டப்படுவது எந்தக் குடிசைகளில் என்று உங்களுக்குத் தெரியும். அதிகாரியை நிமிர்ந்து பார்ப்பதே மரியாதைக்குறைவு என்று தலைமுறை தலைமுறையாக அடித்துச் சொல்லப்பட்ட மனிதர், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துப் பதில் சொல்வார். அந்தக் குனிந்த தலையைக் குற்ற உணர்ச்சி என்று படிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! மூளை வளர்ச்சியின் இயல்பிலேயே பிறர் கண்ணைப் பார்க்கச் சிரமப்படும் ஆட்டிசம் உள்ளவர்களும், காது மந்தமானவர்களும் இதே அநியாயத்துக்கு ஆளாகிறார்கள்.

தமிழரின் பெருங்காப்பியமே, பொருளைச் சரிபார்க்காமல் முடிவெடுத்த பிழையின் மேல் எழுந்து நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள், அவனுடைய தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வனாக இருக்க மாட்டான் என்றே சொல்கிறார்கள். அவர்கள் கணித்தது சரி. ஆனாலும் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கிப் பொற்கொல்லன் பேசிய பேச்சில் அந்தக் கணிப்பு கரைந்துபோகிறது. ஒருவனுடைய வாள் கோவலனை வெட்டிச் சாய்க்கிறது. தோற்றத்தைப் பார்த்து எடுத்த முடிவு சரியாக இருந்தபோதும் அதனால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. உண்மையைக் கடைசியில் சொன்னது சிலம்பு. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அதை உடைத்துப் பார்க்கக் கொலைக்கு முன்பே அரை நாழிகை ஒதுக்கியிருந்தால் போதும்.

அப்படியானால் சந்தேகப்படவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சந்தேகப்படுங்கள். அந்தச் சந்தேகம் உங்களை எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் அனுப்பாமல், வெளியே போய்ச் சரிபார்க்கக்கூடிய இடங்களுக்கு அனுப்பட்டும். அதற்கு வழி இருக்கிறது. ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி மாணவர்களிடம் 2006-ல் ஒரு சோதனை நடந்தது. கையில் உள்ள ஆதாரத்தை முதலிலேயே நீட்டாமல், முதலில் எதிராளியைச் சொந்த வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்லவிட்டு, பிறகு ஒவ்வொரு நுணுக்கமாகக் கேட்டு, கடைசியில் ஆதாரத்தை வைக்கும் முறையை ஒரு பிரிவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிரிவினர் 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பயிற்சி இல்லாத பிரிவு 56 சதவீதத்தில் நின்றது.

இதன் சூட்சுமம் எளியது. திருட்டு நடந்த கடைக்குள் ஒருவர் போனது சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தை முதலிலேயே காட்டினால், “ஆமாம் சார், சோப்பு வாங்கப் போனேன்” என்று திருடியவரும் சொல்வார், திருடாதவரும் சொல்வார். படத்தைப் பற்றி வாய் திறக்காமல், அன்று காலை முதல் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால், திருடாதவர் கடைக்குப் போனதைத் தானாகவே சொல்லிவிடுவார். திருடியவர்தான் கடையைத் தாண்டிப் பேசுவார். அப்போது உங்கள் கையில் இருப்பது, நீதிமன்றத்தில் காட்டக்கூடிய உண்மையான முரண்பாடு.

இங்கிலாந்துப் போலீசாரும் இந்தப் பாதைக்கு வலியோடுதான் வந்தார்கள். கில்ட்ஃபோர்ட் நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் போன்ற வழக்குகளில் நிரபராதிகள் 14 ஆண்டு, 16 ஆண்டு சிறையில் கழித்தது அம்பலமான பிறகு, ஒப்புதல் வாங்குவதை விட்டுத் தகவல் சேகரிப்பதை நோக்கமாகக் கொண்ட விசாரணை முறையை 1990-களின் தொடக்கத்தில் வகுத்துக்கொண்டார்கள். நம் சட்டம் அதற்கும் வெகு காலம் முன்பே எச்சரித்திருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ன் சாட்சியச் சட்டம் சொன்னது. சம்மதமில்லாமல் பொய் கண்டறியும் கருவியிலோ உண்மை பேசவைக்கும் ஊசியிலோ ஒருவரை உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. வாயால் சொன்ன ஒப்புதலையே ஏற்காத சட்டம், வாய் திறக்காத முகத்தை எப்படி ஏற்கும்?

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள்.

கேஸ் டைரியில் கண்டதை எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். “பதற்றமாகவும் குற்ற உணர்வுடனும் காணப்பட்டார்” என்ற வரிக்குப் பதிலாக, “கைகள் நடுங்கின, இரண்டு முறை தண்ணீர் கேட்டார், முந்தைய நாள் இரவு முழுவதும் நிலையத்தில் இருந்தார்” என்று எழுதினால், அடுத்து அந்தக் கோப்பைப் படிப்பவர் தானாகவே காரணத்தை யோசிப்பார்.

அழாததையும், அதிகம் அழுததையும், கண்ணைத் தாழ்த்தியதையும் வைத்து ஒருவரைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றாதீர்கள். ஏற்றியே தீர வேண்டும் என்று தோன்றினால், அந்த நடத்தைக்குக் குற்றத்தைத் தவிர வேறு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று சக அதிகாரி ஒருவரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

விசாரணையின் முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒலி-ஒளிப் பதிவு செய்யுங்கள். முரணான பதில் என்று நீங்கள் சொல்வது எந்தக் கேள்விக்கு, எத்தனையாவது மணி நேரத்தில் வந்தது என்பதை அந்தப் பதிவு காட்டும். உங்கள் மேல் பொய்ப்புகார் வந்தாலும் உங்களைக் காப்பாற்றப்போவது அதுவே.

பயிற்சிப் பள்ளி ஆசிரியர்களே, கண்ணைப் பார், கையைப் பார், உட்காரும் விதத்தைப் பார் என்ற பாடத்தைக் கைவிடுங்கள். அந்த நேரத்தில் கேள்வி கேட்கும் கலையையும், ஆதாரத்தை எப்போது வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். லிண்டி சேம்பர்லின், ஜெஃப்ரி டெஸ்கோவிக் ஆகியோரின் வழக்குகளைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு உதவி ஆய்வாளருக்கும் பாடமாக வையுங்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, புதிய சட்டமும் தேவையில்லை. அடுத்த பயிற்சி வகுப்பிலேயே தொடங்கலாம். தயவுசெய்து தொடங்குங்கள்.